வெளிச்சம் இருந்ததா

ஜூன் 9, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். தங்கச்சி கோகிலாவை அத்தை மகன் நடராசுக்குப் பேசி முடித்த நாளில், பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் எழுந்து நின்று சொன்னேன்: "சொந்தத்துல கட்டாதீங்க, பொறக்கறதுக்குக் கண்ணுல குத்தம் வரும்." இருநூறு பேர் கேட்டார்கள். இன்றைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை என்றால் அது அவர்கள் மறதி.

இன்று திருச்சி கண் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அதையே இங்கிலீஷில் சொன்னார். தங்கச்சி மகன் செழியனுக்கு விழித்திரை கெட்டுக்கொண்டு வருகிறதாம். வயது பத்துதான். முதலில் இருட்டில் தெரியாமல் போகும். பிறகு பக்கவாட்டில் இருப்பது தெரியாமல் போகும். கடைசியில் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் மிஞ்சும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயர். மாப்பிள்ளை நடராசுக்கு வாயிலேயே நுழையவில்லை. நான் ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

கோகிலா ஒன்றுதான் கேட்டாள். "மருந்து இருக்குதுங்களா?"

"இப்போதைக்கு இல்லீங்கம்மா."

அவள் செழியனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையிடம், "பாத்தீங்களா மாப்ள, உங்க ரத்தமும் எங்க ரத்தமும் ஒண்ணா சேந்ததுல வந்த வெனை" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுசன், வாதாட மாட்டார்.

அங்கே பெனாசிர் என்று ஒரு பெண் இருக்கிறது. பள்ளபட்டி, நம்ம கரூர்ப் பக்கம்தான். கண் பார்வை பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறது. "டாக்டரம்மா" என்றேன். "நான் டாக்டர் இல்லீங்கண்ணா, ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வைய அளந்து பாக்கறவ. ஆராய்ச்சி முடிஞ்சா டாக்டர். அப்பவும் ஊசி போடத் தெரியாது" என்று சிரித்தது. இந்த நோய் ஒரு குடும்பத்தில் எப்படி வளர்கிறது என்பதுதான் அதன் ஆராய்ச்சி. வீட்டில் ஒருத்தர் டைரி எழுத வேண்டுமாம். பையன் எங்கே தடுக்கினான், எதைப் பார்க்காமல் விட்டான், அப்போது வெளிச்சம் இருந்ததா.

"வெளிச்சம்தாங்ணா முக்கியம். இருட்டுல விழறது வேற. வெளிச்சத்துலயும் விழுந்தா நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம்."

கோகிலா பெட்ஷீட் கம்பெனியில் செக்கிங். மாப்பிள்ளைக்குத் தறி. ஆகையால் எழுதுவது நான். ஒன்பதாவது வரை படித்தவன். பத்தாவதுக்கு விடாதது கணக்கு வாத்தியாரின் பொறாமை.

அம்மிணி பெனாசிர், நீ இதைப் படிப்பாய் என்பதால் என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் சிவமலை. சேஸ் டிரைவர். ஓசூரிலிருந்து கரூருக்கு, கூடும் இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல் எலும்புக்கூடு மாதிரி வரும் பஸ்ஸை, பலகையில் உட்கார்ந்து முகத்தில் துண்டு கட்டி ஓட்டி வருபவன். அதற்கு மேல் ஷெட்டில் பாடி கட்டுவார்கள். பொழுது சாய்ந்தால் ஓட்ட மாட்டேன். அது என் கொள்கை. முதலாளியே எழுந்து நின்று கும்பிடுவார்.

ஜூன் 12, வியாழன்

செழியன் வாசற்படியில் தடுக்கினான். பொழுதோட, விளக்கு வைக்கிற நேரம். வெளிச்சம்: பாதி.

ஜூன் 15, ஞாயிறு

செழியனைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். முறுக்கு வாங்குகிற இடத்தில் கூட்டம், உள்ளே போவதற்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. செழியன் என் இடுப்புச் சட்டையைப் பிடித்துக்கொண்டான், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் கெத்தாக நடந்து போய் சீட்டில் உட்கார்ந்தேன். அது ஒரு பெரியவருடைய மடி.

"யோவ், கண்ணு தெரியலையா?"

"நீங்க கறுப்புச் சட்டை போட்டுட்டு இருட்டுல உக்காந்தா எந்தக் கண்ணுக்குய்யா தெரியும்?" என்று நான் திருப்பிக் கேட்டதும் மொத்தத் தியேட்டரும் கைதட்டியது.

இடைவேளையில்தான் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இடையில் மாற்றியிருப்பார்.

செழியன் தடுக்கியது இரண்டு முறை. வெளிச்சம்: இல்லை.

ஜூன் 21, சனி

மறுபடி திருச்சி. செழியனின் கண் ஓரத்தில் கம்பி மாதிரி ஒன்றை வைத்து, இருட்டறையில் விளக்கை மின்ன வைத்து மின்ன வைத்து எடுத்தார்கள். பையன் அழவில்லை. வெளியே வந்து, "மாமா, உள்ள தீபாவளி" என்றான்.

பிறகு பெனாசிர் குடும்ப மரம் வரைந்தது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கண் போனவர்களுக்குக் கறுப்பு மை. இந்த மாதிரி வேலைக்கு என்னை விட்டால் யார்? மாப்பிள்ளை பக்கத்தில் நான்கு தலைமுறை சொன்னேன். அவருடைய தாத்தா சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர், பெரியப்பாவுக்கு மாறுகண்.

"எங்க பெரியப்பாவுக்கு ஏதுங்க மாறுகண்ணு?" என்றார் மாப்பிள்ளை.

"உங்களுக்கு நேரா நின்னு பாத்திருக்க மாட்டாரு மாப்ள."

பெனாசிர் கேட்டது: "உங்கம்மா பக்கம்? அம்மாவோட கூடப் பொறந்த ஆம்பளைங்க?"

"ஒருத்தர்தான். குப்புசாமி மாமா. சின்ன வயசுலயே கெணத்துல விழுந்து போயிட்டாரு."

"எப்போ?"

"பொழுதோட. திருடனத் தொரத்திக்கிட்டு ஓடுனாரு. ஆறடி ஆளு, சிங்கம்."

"திருடன் விழலீங்களா?"

"அவன் தாண்டிட்டான்."

கோகிலா, "ண்ணா, அம்மா சொன்னது வேற மாதிரிங்களே. மாட்டப் புடிச்சுக் கட்டப் போனாருன்னுதானே…" என்று இழுத்தாள்.

"அழுதுட்டே சொன்னதுல உனக்கென்ன வெளங்கியிருக்கும்? திருடன்தான்."

பெனாசிர் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வெகுநேரம் பிடித்திருந்தது. கறுப்படிக்கவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டது. போகும்போது கையெழுத்துக்கு என்னிடம் பேனாவை நீட்டியதாம். நான் வாங்கவில்லையாம். பக்கத்தில் நீட்டினால்? மரியாதையாக முன்னால் நீட்ட வேண்டும்.

ஜூன் 28, சனி

டாக்டர்களால் ஆகாததை நான் ஆரம்பித்துவிட்டேன். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, கேரட். தினமும் மூன்று வேளை. சந்தையில் கீரைக்காரி என்னைப் பார்த்தாலே கட்டை அவிழ்க்கிறாள்.

செழியன் தட்டைப் பார்த்து, "மாமா, வெள்ளாடு கூட இவ்ளோ திங்காது" என்றான்.

"எந்த வெள்ளாடாவது கண்ணாடி போட்டிருக்குதாடா?"

அவன் சிரித்த சிரிப்பில் புரையேறி, கேரட் என் சட்டையில். கோகிலாவும் சிரித்தாள். இந்த மாதத்தில் முதல் முறை. நானும் மூன்று வேளை தின்கிறேன், துணைக்குத்தான்.

ஜூலை 5, சனி

செழியன் பந்து விளையாடப் போவதை நிறுத்திவிட்டான். பந்து பக்கத்தில் வந்தால் தெரியவில்லையாம், பையன்கள் கிண்டல் பண்ணுகிறார்களாம். "ஸ்கோர் எழுதறேன் மாமா, அதுவும் வெளையாட்டுதான்" என்றான்.

ஒரு பொரி உருண்டை வாங்கிக்கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஓசூர் லோடு. நல்ல வெயில். நாமக்கல் தாண்டி, சாலை ஓரத்தில் நின்ற மைல்கல் ஒன்று இடது சக்கரத்தில் வந்து இடித்தது. யாரோ தள்ளி நட்டிருக்கிறார்கள். ஆக்சிலுக்கு ஒன்றுமில்லை, என் திறமை. பின்னால் இன்னொரு சேஸ் ஓட்டி வந்த வையாபுரி இறங்கி வந்து, "என்னண்ணா, தூங்கிட்டீங்களா? அந்த ஆட்டுக்காரப் பொம்பள ஓடலைன்னா போயிருக்கும்" என்றான்.

எந்தப் பொம்பளை? அங்கே யாருமே இல்லை.

இது செழியன் டைரி. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 19, சனி

பெனாசிர் ஊருக்குப் போகிற வழியில் வீட்டுக்கே வந்தது. கோகிலா காபி கொடுத்தாள். விஷயம் இதுதான். இந்த நோயில் ஒரு வகை அம்மா வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருமாம். அந்த வகைக்கு மட்டும் ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள். செழியனுக்கு அதுவாக இருக்கலாம் என்று அதற்குச் சந்தேகம்.

"ஆனா அம்மா வழியில இன்னொரு ஆம்பளைக்கும் இருக்கணும்க்கா. அப்பத்தான் ரெண்டு பேரோட ரத்தத்தையும் வெச்சுப் பாத்து செழியனைச் சேர்த்துக்குவாங்க. ஆகஸ்ட் பாதியோட ஆள் எடுக்கறத நிறுத்திடுவாங்க. அப்புறம் எப்போன்னு எனக்கே தெரியாது."

"சேந்தா பார்வை வருங்களா அம்மிணி?" என்று கோகிலா கேட்டாள்.

"போனது வராதுக்கா. போறது மெதுவா போகலாம். போகலாம்தான். சத்தியம் பண்ண முடியாது."

மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அம்மா வழின்னா, சொந்தத்துல கட்டுனதால வந்தது இல்லீங்களா?"

"அந்த வகையா இருந்தா, யாரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும்ணா."

அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். தறி ஓடுகிற சத்தம் வரவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு ஒன்று சொல்வார்கள்.

கோகிலா என்னிடம் திரும்பினாள். "ண்ணா, நம்ம பக்கம் வேற யாருக்காச்சும் இருக்குதுங்களா? நெஞ்சு தொட்டுச் சொல்லுங்க."

"நம்ம வூட்டுக் கண்ணு கழுகுக் கண்ணு. எனக்கு இங்க இருந்து தாந்தோணிமலைக் கோபுரத்துல உக்காந்திருக்கற கிளி தெரியுது."

"அண்ணா, சும்மா ஒரு நிமிசம்" என்றது பெனாசிர். "என் மூக்கையே பாருங்க. பக்கத்துல என் விரல் எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க."

பார்த்தேன். அது விரலைத் தூக்கவே இல்லை. "டிரைவர் மூக்கையா பாப்பான்? ரோட்டத்தான் பாப்பான்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். லோடு இருந்தது. வழியில் யாரோ முக்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள், முழங்காலில் நல்ல அடி.

பெனாசிர் இரண்டு கையையும் தூக்கி நெடுநேரம் விரலை ஆட்டிக்கொண்டிருந்தது என்று கோகிலா சொல்கிறாள். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஜூலை 26, சனி

லோடு எதுவும் இல்லை. சும்மா படுத்திருந்தேன்.

லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண் சர்டிபிகேட் கேட்பார்கள். தெரிந்த ஆள் இருக்கிறான், பார்க்காமலே போட்டுக்கொடுப்பான். போன தடவையும் அவன்தான்.

பெனாசிர் இதைப் படிக்கும் என்பது எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மேலே உள்ளது வேறு ஒரு டிரைவரைப் பற்றி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பகலில் எல்லோரும் காவிரிக்குப் போனோம். கோகிலா மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். செழியன் தண்ணீரில் முளைப்பாரி போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நேராகப் போகிறவரை அவனுக்குத் தெரிந்தது.

பொழுதோட நானும் அவனும் கடைக்கு அவல் வாங்கப் போனோம். பொழுது சாய்ந்தால் அவனை யாராவது கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். அந்தப் பொறுப்பு எப்போதும் என்னுடையது. திரும்பி வரும்போது கரண்ட் போய்விட்டது. ஊரே கும்மிருட்டு. தெரு முக்கில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். அந்த இருட்டில் ஆந்தைக்கே தெரியாது. இரண்டு பேரும் உள்ளே.

எனக்கு முன் பல் ஒன்று போனது. செழியனுக்கு வலது மணிக்கட்டு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தும் அவனை என் வயிற்றின் மேல் தாங்கினேன், இல்லையென்றால் உயிரே போயிருக்கும். பள்ளம் இரண்டு ஆள் உயரம்.

கோகிலா ஆஸ்பத்திரியில் அவனிடம் கேட்டாள்: "எப்படிடா விழுந்தீங்க?"

"கரண்ட் இல்லம்மா" என்றான்.

வெளிச்சம்: இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளம் அளவு பார்த்தார்களாம். இடுப்பளவுதான் என்கிறார்கள். இரண்டு நாளில் மண் சரிந்திருக்கும்.

இன்று சாயங்காலம் கோகிலா எனக்குச் சோறு போட்டாள். வழக்கமாகத் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைப்பாள். இன்று என் கையைப் பிடித்து, கையிலேயே கொடுத்தாள். அடிபட்ட பிறகு மரியாதை கூடிவிட்டது.

செழியனை டியூஷனிலிருந்து கூட்டிவர மாப்பிள்ளை போகிறார். "தறி இருக்குதுங்களே மாப்ள, நான் போறேன்" என்றேன். "இருக்கட்டுங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான். குத்திப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன்.

செழியன் கட்டுப்போட்ட கையோடு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டான். என் காதில் ஒன்று சொன்னான். சின்னப் பையன் பேச்சு, எழுதத் தேவையில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பெனாசிர் போன் பண்ணியது. பையன் கையைப் பற்றி விசாரித்தது. பிறகு, "அண்ணா, மூணாம் தேதி வெளிச்சம் இல்லைன்னு எழுதியிருக்கீங்களா?" என்றது.

"சத்தமில்லாம போன கரண்ட்டும்மா. தெருவே சாட்சி."

"அப்படின்னா அதை நான் கணக்குல சேக்க முடியாதுண்ணா. இருட்டுல யாரும் விழலாம்." காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "திங்கக்கெழமை டைரியக் கொண்டு வாங்க. வெள்ளியோட ஆள் எடுக்கறது முடியுது. உங்க பக்கம் இன்னொருத்தர் இல்லைன்னா செழியன் பேரை எடுத்துட வேண்டியதுதான். எனக்கு வேற வழி இல்லண்ணா."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது பாவமாகச் சொன்னது.

நான் சேஸ் ஓட்ட ஆரம்பித்தது பத்தொன்பது வயதில். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. பாடி கட்டத் தெரியாது, வெல்டிங் தெரியாது. பொண்ணு பார்க்கப் போன இடத்திலெல்லாம் "சேஸ் டிரைவர்" என்றுதான் சொன்னேன், அதற்கே ஒருத்தரும் கொடுக்கவில்லை. இனி எதைச் சொல்லிக்கொள்வது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் செழியன் ஸ்கோர் எழுதப் போனான். கை முறிந்ததால் பென்சிலைப் பிடிக்க ஒரு பையன், சொல்ல இவன். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து எங்கே போனது என்று எனக்கும் தெரியவில்லை. வெயில்.

கோகிலா வந்து பக்கத்தில் நின்றாள். "ண்ணா, நாளைக்குத் திருச்சிக்கு நானும் வர்றேன்ங்க. லீவு சொல்லிட்டேன்."

"எதுக்கு? நான் போயி டைரியக் குடுத்துட்டு வந்துருவேன்."

"உங்களக் கூட்டிட்டுப் போறதுக்குங்க" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா உங்கள என்ன சொல்லுவாங்க, ஞாபகம் இருக்குதுங்களா? எங்குப்புசாமி அண்ணனாட்டமே நடக்கறான்னு" என்றாள்.

"ஆறடி ஆளு, சிங்கமில்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

அதே நாள், பொழுதோட

அம்மிணி பெனாசிர், நாளைக்கு இதை உன் கையில் கொடுக்கும்போது நான் வேறு எதையாவது பேசிச் சிரிக்க வைத்துவிடுவேன், எனக்கே என்னைத் தெரியும். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

நான் சொன்னதில் பாதிக்கு மேல் கொஞ்சம் அலங்காரம் இருக்கும், கண்டுபிடித்திருப்பாய். கல்யாணம் பேசி முடித்த அன்று பந்தியில் இருநூறு பேர் இல்லை. கிளி விஷயத்தையும் விட்டுவிடு. அதெல்லாம் ஆராய்ச்சிக்குத் தேவைப்படாது.

செழியன் என் காதில் சொன்னது இது: "மாமா, உங்களுக்கும் என்னாட்டந்தானுங்களே? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்ங்க."

பத்து வயதுப் பையன், எனக்காக அவன் அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறான். நான் சொல்லச் சொல்லவில்லை. பள்ளத்துக்குள் கிடக்கும்போதே, "கரண்ட் போயிருச்சுடா" என்று நான்தான் கத்தினேன். அவன் மேலே பார்த்தான். ஒரு நொடி யோசித்தான். "ஆமாங்க மாமா" என்றான்.

உண்மையை எழுதுவதால் அவனுக்குப் பார்வை வரப்போவதில்லை. எனக்கும்தான். நீயே சொல்லிவிட்டாய், போகலாம்தான், சத்தியம் இல்லை என்று. இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் குடும்ப மரத்தில் ஒரு கறுப்புக் கட்டம் குறைகிறது என்கிறாய். ரத்தம் எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள், எனக்கு நிறைய இருக்கிறது. லைசென்ஸ் என் சட்டைப் பையில் இருக்கிறது, அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். முதலில் விழுந்தவனும் நான், அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டேன். வயிற்றில் தாங்கவெல்லாம் இல்லை.

கரண்ட் போனது நானாகச் சேர்த்தது. தெரு விளக்கு அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தது.